மெயினை அணைத்த அப்பா

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் அந்தப் புது ஆளும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். உன் அப்பா நலத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு நின்றபடியே படித்தேன். குழந்தை என்ற வார்த்தைக்கு வந்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எதன்மேல் தெரியுமா? குண்டூசி குத்தி வைக்கிற மெத்தைமேல். சத்தியமாகச் சொல்கிறேன், வலிக்கவே இல்லை. அப்புறம்தான் வலித்தது.

ஊசியைவிடக் குத்தியது உன் கடைசிப் பத்தி. அப்பா போனுக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, தூர ஊருக்குப் போனதை அவர் மன்னிக்கவே இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மாட்டேன், குழந்தை பிறந்தாலும் அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அன்றே நாங்கள் கூப்பிட்டோம். நீ எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பட்டு, அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. ஒரு துளி இல்லை. அவர் போனுக்கு வராததற்குக் காரணம் வேறு. கேட்டால் முதலில் சிரிப்பாய், பிறகு என்னைப் போலவே நன்றாகத் திட்டுவாய்.

நீ போன புதிதில் அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாது. யார் மேலாவது பழி போட்டுக்கொண்டே இருந்தார். உனக்கு வேலை கொடுத்த கம்பெனி, உன்னைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, படிக்க வைத்த நான், கடைசியில் விமானத்தைக் கண்டுபிடித்தவன்வரை ஒருவரையும் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்தால் மூன்றாக எடுப்பார், ஒன்றைத் திரும்ப வைப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அப்போதுதான் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது, மெக்கானிக் வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். அங்கே கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, சனிக்கிழமை மாலை மேல்மாடி அறையில் புத்தர் சொன்னதைப் பாடமாக எடுக்கிறார். வருகிறவர்கள் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் கண்ணாடி மாற்ற வந்து மாட்டிக்கொண்டவர்கள். அப்பா லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தாராம். மேலே இருந்து குரல் கேட்டிருக்கிறது. துன்பம் வானத்திலிருந்து விழுவதில்லை, ஒன்றிருப்பதால் இன்னொன்று வருகிறது, அந்த ஒன்று நின்றால் அடுத்தது நின்றுவிடும், எல்லாம் ஒரு சங்கிலி என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம்.

உன் அப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. லிஃப்ட்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு பூட்டு, எல்லாப் பூட்டும் ஒரே வரிசையில் ஒரே கம்பியில். ஒன்று விட்டுப்போனாலும் பெட்டி நகராது. நம்ம சர்க்யூட்டைத்தான் இந்த அம்மா சொல்லுறாங்க என்று கிரீஸ் கையோடு மேலே ஏறிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தபோது முகத்தில் பல்பு எரிந்தது.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். வீட்டில் எது நடந்தாலும் காரணத்தைத் தேடிப் பின்னாலேயே போவார். ஒருநாள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கு அடுப்பு காரணம் இல்லையாம், நான் ஜன்னலுக்கு ஓடியது காரணமாம். ஜன்னலுக்கு ஓடக் காரணம் தபால்காரர் வண்டிச் சத்தமாம். அந்தச் சத்தத்துக்கு நான் ஓடக் காரணம், பட்டு கடிதம் போட்டிருப்பாள் என்கிற ஆசையாம். ஆகமொத்தம் பால் பொங்கியது ஆசையால். அப்படியானால் ஆசை இல்லாத ஆள் அடுப்பைத் துடைக்கட்டும் என்று துணியை அவர் கையில் கொடுத்தேன். துடைத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சங்கிலியில் ஊறு என்று ஒரு கண்ணி உண்டாம், தீங்கு இல்லை, படுதல் என்று அர்த்தமாம். கண்ணில் காட்சி படுவது, காதில் ஓசை படுவது. பட்டால் இனிக்கும் அல்லது கசக்கும், இனித்தால் இன்னும் வேண்டும் என்ற வேட்கை வரும், வேட்கை முற்றினால் பற்று, அதிலிருந்து வரிசையாகத் துன்பம். உன் அப்பா இதைத் தன்மேலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டால் திங்கட்கிழமை அவர் ஆளாகவே இருப்பதில்லை. ஸ்பானரை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் தேடுவார். ஆகவே குரல் காதில் பட்டால்தானே வம்பு, முதலிலேயே வெட்டிவிடலாம் என்று யாரிடமும் கேட்காமல் முடிவு கட்டிவிட்டார்!

அதுதான் நடந்தது. நீ கூப்பிடுகிற நேரம் வந்தால் மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போய்விடுவார். எந்தத் தொட்டியை எந்த மனுஷன் வாரா வாரம் பார்ப்பான்? எனக்கும் இது கோபம்தான் என்று பட்டது. கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். அவரோ மேலே தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீ போனை வைக்கிறவரை கீழே வராமல் சாதனை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். குழந்தை என்றதும் எழுந்தார். செருப்பில் ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. நாலு மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார் பட்டு, லிஃப்ட்காரர்! கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு, மறுபடியும் படியிலேயே ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார். அப்புறம்தான் கடைசிப் பத்தியைப் படித்தேன். அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம்னு நெனச்சுட்டாளா என்று கேட்டார். பிறகு இந்தத் தொட்டிக் கதை முழுவதையும் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வந்தது பார் ஆத்திரம், வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நடங்க கடைக்கு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடிக்கார அம்மா யாருக்கோ ஃபிரேமைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் தன் கண்ணாடியையே கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பிறகு அப்பாவிடம், ஏங்க, லிஃப்ட் சரியா ஓடலைன்னா மெயினை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா என்று கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படிச் செஞ்சா அவன் மெக்கானிக்கே இல்லைங்க என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். காது இருக்கிறவரை ஓசை படும், மகள் குரல் என்றால் இனிக்கத்தான் செய்யும், அதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு அடுத்து, இவ என் பக்கத்துலதான் இருக்கணும், நான் நெனச்சபடிதான் வாழணும் என்று மனம் கையை நீட்டுகிறதே, கவனிக்க வேண்டிய இடம் அதுதான். நீங்க அன்பை வெட்டிட்டு ஆசையைப் பத்திரமா வெச்சிருக்கீங்க என்றார். உண்மைதானே? தொட்டிப் பக்கத்தில் நின்ற அவ்வளவு நேரமும் உன்னைத் தவிர வேறு எதை நினைத்தாராம்?

அப்பா விடவில்லை, இன்னொன்றும் கேட்டார். பிறப்பும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதானே, பிறந்தால் நோய், மூப்பு, அழுகை எல்லாம் உண்டே, அப்படியிருக்கப் பேரப்பிள்ளை வருகிறது என்று நான் குதிக்கலாமா என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மா மழுப்பவில்லை. ஆமாம், வருகிற குழந்தைக்கும் அதெல்லாம் உண்டுதான், அதனால்தான் முன்னாலேயே வந்து சேர்ந்தவர்கள் அதனிடம் ரொம்பப் பிரியமாக இருக்க வேண்டும் என்றார். அப்பா அங்கே இருந்த குழந்தைகள் ஃபிரேம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு, அப்படின்னா வரட்டும்மா, நாங்க இருக்கோம் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காமல் துடைக்க அந்தக் கடையில் வழியில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடி.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். உங்கள் கட்டடத்து லிஃப்ட் என்ன வகை, கதவு தானாக மூடுமா, நடுவில் கை வைத்தால் திறக்குமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். ஒரு தாள் நிறையக் கேள்வி வைத்திருந்தார், நான் ஒன்றிரண்டைத்தான் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையைத் திட்டுவதை அறவே விட்டுவிட்டார். நேற்று, நல்ல பையன்தான், நம்ம பொண்ணுகிட்ட சமாளிக்கிறானே என்றார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கால் வீங்கினால் உயரத்தில் வைத்துப் படு. வாந்தி வருகிறது என்று சாப்பிடாமல் இருக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. சமையலை மாப்பிள்ளையிடம் விடு, உப்புக் கூடினாலும் பாராட்டு. குழந்தைக்குத் தைக்க மெத்தென்ற துணி எடுத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியாததால் சின்னது, அதைவிடச் சின்னது என்று தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைப்பேற்றுக்கு வா என்று நான் கேட்கப் போவதில்லை. அதை அவரே கேட்கட்டும். நீ வர முடியாது என்றால் அதையும் அவரிடமே சொல். கேட்டுவிட்டுத் தாங்கிக்கொள்ளத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறார்.

எனக்காக ஒன்று மட்டும் செய். இது கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், அடுக்களையில் இருப்பேன். மணி அடித்ததும் பாய்ந்துபோய் எடுக்காமல், மனம் ஓடுகிற ஓட்டத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும் என்று அவருக்குப் புதுப் பாடம். போன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பார். கொஞ்சம் தாமதமாகும். கோபம் என்று நினைத்து வைத்துவிடாதே, கண்ணு. அவர் எடுக்கிறவரைக்கும் அடிக்க விடு.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா