வராந்தா வேட்பாளர்

கொலம்பஸ், ஒஹாயோ
ஆகஸ்ட் 12, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

சிக்ரிட் எழுதுகிறேன். இங்கே நான் சுகமாக இருக்கிறேன், வெயில்தான் தாங்கவில்லை. உங்களுக்கும் ஃபோனுக்கும் ஒத்துவராது என்பதால் மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டேன். போன முறை நான் விஷயத்துக்கே வரவில்லை, அதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள்.

விஷயம் இதுதான். தேர்தல் வருஷமில்லையா, நான் வேலை பார்க்கும் கல்லூரி வானொலியில் வாரம் ஒரு நாடகம் போடுகிறார்கள். என்றோ ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்று தோற்ற ஒருவரைப் பிடித்து, வேறொரு காலத்துத் தேர்தலில் நிறுத்திப் பார்ப்பது. நான் யார் பெண் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உங்களை நூறு வருஷம் பின்னால் தள்ளி 1896-இல் நிறுத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் வேட்பாளர் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது அவ்வளவு மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள் இருந்தார்கள். சொந்த வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கட்சிக்காரர்கள் ரயில் ரயிலாக ஜனங்களைக் கூட்டி வருவார்கள், ஸ்டேஷனிலிருந்து பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் வரும், இவர் எழுந்து வந்து நாலு வார்த்தை பேசுவார்.

உங்கள் வசனத்தை நீங்களே பேச வேண்டும். அக்டோபரில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆல்டர் கிரீக்குக்கு நானே வருகிறேன். "முடியாது" என்று உடனே எழுதிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாளாவது யோசியுங்கள்.

அன்புடன்,
சிக்ரிட்


ஆல்டர் கிரீக், அயோவா
ஆகஸ்ட் 21, 1996

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சோளம் நன்றாக வந்திருக்கிறது. கூரையில் தண்ணீர் போகும் தகரக்குழாயை மாற்றினேன். பக்கத்து வீட்டு டெல்பர்ட் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வந்து, பிடிக்காமல் கதை பேசிக்கொண்டிருந்தான்.

உன் நாடகத்தைப் பற்றி அவனிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். இப்போது காப்பிக் கடைக்குள் காலை வைத்தால் போதும், "பிரசிடென்ட் வந்தாச்சு, எந்திரிங்கப்பா! ஐயா இந்த வாட்டி எந்த நூற்றாண்டுல நிக்கறாரு?" என்று ஆரம்பித்துவிடுகிறான். இருபது வருஷமாக அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. எனக்கும் பழகிவிட்டது.

நீ ஏன் 1896-ஐ எடுத்தாய் என்று புரிகிறது. அப்போது தொலைக்காட்சி கிடையாது. 1976-இல் நான் கொடுத்த அந்தத் தொலைக்காட்சிப் பேட்டியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாடே "இந்த ஆள் கல்" என்று சொன்னது. பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்து வரி விகிதம் பேசுகிறான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அன்று முகத்தில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயும் ஒன்றும் இல்லை. வராந்தாவில் நின்றால் முன்வரிசை ஆட்களுக்கு மட்டும்தான் முகம் தெரியும். நல்ல யோசனை.

ஒரு திருத்தம். வருகிற கூட்டத்தின் தலைவன் அவன் இஷ்டத்துக்குப் பேசிவிட முடியாது. பேச்சை முன்கூட்டியே வேட்பாளருக்கு அனுப்ப வேண்டும். வில்லங்கமானதையெல்லாம் இவர் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அவன் வாசலில் வந்து அதைப் படிக்கும்போது முதன்முறை கேட்பது போல இவர் தலையை ஆட்டுவார். இதை விட்டால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

எழுதினதை அனுப்பு. படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா


கொலம்பஸ்
செப்டம்பர் 5, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் படிக்கிறேன் என்றதே பெரிய விஷயம். திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். நீங்கள் பேச்சுகளை அடித்துக்கொண்டே முணுமுணுக்கிற காட்சி நன்றாக வந்திருக்கிறது. "கடவுளே அனுப்பின தலைவர்னு எழுதியிருக்கான், கடவுளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு" என்று ஒரு வசனம் வைத்தேன். எங்கள் நிலைய இயக்குநர் ராண்டலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முழுப் பிரதியும் இத்துடன் இருக்கிறது. நார்வேக்கார லூதரன் சபையார் வருகிறார்கள், சைக்கிள் சங்கத்தார் வருகிறார்கள், பன்றிப் பண்ணைக்காரர்கள் வருகிறார்கள். ஞாபகத்துக்கு என்று ஆளுக்கொரு குச்சியாக வேலியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். புல்தரையெல்லாம் சேறு. எதிர் வேட்பாளருக்குப் பெயரே வைக்கவில்லை, அவர் பாட்டுக்கு எங்கோ ரயிலில் தொண்டை கிழியச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள். தந்தி வருகிறது, தேவாலய மணி அடிக்கிறது, தெருவில் தீ மூட்டி ஆடுகிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். டெல்பர்ட்டை நம்பி ஏணியில் ஏறாதீர்கள்.

சிக்ரிட்


ஆல்டர் கிரீக்
செப்டம்பர் 14, 1996

சிக்ரிட்டுக்கு,

படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நம் வீட்டுக்கு வேலி கிடையாது, பரவாயில்லை.

இரண்டாம் காட்சியில் லவோன் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். சபையாருக்குக் காப்பி கொடுக்கிறாள். சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறாள். உன் அம்மா அதில் ஏன் இருக்க வேண்டும்? வேட்பாளரின் மனைவி உள்ளே வேலையாக இருக்கிறாள் என்று ஒரு வரி போட்டால் போதும்.

அவளை எடுத்துவிடு. நான் படிப்பதென்றால் அவள் இருக்கக் கூடாது.

முதல் பனி சீக்கிரம் விழும் என்கிறார்கள்.

அப்பா


கொலம்பஸ்
செப்டம்பர் 22, 1996

அப்பாவுக்கு,

அம்மாவை எடுக்கமாட்டேன்.

தொலைக்காட்சி இல்லாத காலம் என்பதால் 1896-ஐ எடுத்தேன் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். சரி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் முகத்தை நாடு எப்படிப் பார்த்தது என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தேர்தலில் வேட்பாளர் வீட்டிலேயே இருப்பார். அவ்வளவுதான் காரணம். நான் தேடின தேர்தல்களில் அப்பா வீட்டை விட்டுப் போக வேண்டாத தேர்தல் அது ஒன்றுதான் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் கட்சியின் முதல் கட்ட ஓட்டுக்காக நியூ ஹாம்ப்ஷயரில் தொழிற்சாலை வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஊரில் ஆஸ்பத்திரியில் அம்மா சத்தத்தை அணைத்துவிட்டு உங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "தொப்பி போடல பாரு உங்கப்பா. யாராவது சொல்லக் கூடாதா அவருக்கு" என்றாள். வலி அதிகமானபோது உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாண்டி. ஓட்டு முடியட்டும்" என்றாள். அவளுக்குத் தெரியாமல் வெளியே வந்து உங்கள் பிரசார அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர், உடனே உங்களிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலக் கூட்டத்தை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று பதில் அனுப்பினீர்கள். கூட்டம் முடிந்தபோது பனிப்புயலில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். நீங்கள் வந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாகிவிட்டது.

இதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. கோபம் இருந்தாலாவது நன்றாக இருக்கும், அதுகூட இல்லை. எனக்குப் பத்தொன்பது வயது அப்போது. அன்றிலிருந்து எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. என் கல்யாணம் முறிந்தபோது அவர் அழுதார், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நானும் உங்கள் பெண்தானே. நாம் இருவரும் இத்தனை வருஷமாக வானிலையை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாடகத்தில் அம்மா இருப்பாள். நீங்கள் பேச மறுத்தால் கேரி என்று ஒரு நடிகர் இருக்கிறார், அவர் பேசிவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு நான் ஆல்டர் கிரீக் வரவேண்டிய அவசியம் இருக்காது. கிறிஸ்துமஸுக்கும் வர முடியும் என்று தோன்றவில்லை.

சிக்ரிட்


கொலம்பஸ்
அக்டோபர் 8, 1996

அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. டெல்பர்ட்டுக்கு ஃபோன் செய்தேன், உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, இலை கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அடுத்த வாரம் வரைதான் ராண்டல் பொறுப்பார். பதில் இல்லையென்றால் கேரியிடம் பிரதியைக் கொடுத்துவிடுவேன்.

சிக்ரிட்


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 13, 1996

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு,

தாமதமாகிவிட்டது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

தினம் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து உன் நாடகத்தை வாய்விட்டுப் படித்தேன். என் வசனத்தையும் படித்தேன், லவோன் வசனத்தையும் நானே படித்தேன். கூப்பிட்டால் உள்ளிருந்து "இதோ வந்தாச்சு" என்று சொல்வாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் அப்படித்தான் சொல்வாள், ஆனால் வரமாட்டாள், அடுப்பில் ஏதாவது இருக்கும். அந்த இடத்தில் எனக்கு அழுகை வரும் என்று நினைத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. உனக்கு வராததும் என்னிடமிருந்து வந்ததாகவே இருக்கும்.

அவள் இருக்கட்டும். எடுக்க வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் இருக்கட்டும்.

ஆனால் முடிவை மாற்ற வேண்டும். தந்தி வந்து நான் ஜெயித்தேன் என்கிறாய், மணி அடிக்கிறது, தீ மூட்டுகிறார்கள். அது வேண்டாம். டெல்பர்ட்டிடம் சொன்னேன். "பெத்த பொண்ணு ஜெயிக்க வெக்கறா, தோத்துத்தான் போவேன்னு அடம்பிடிக்கற ஒரே ஆளு நீதாண்டா" என்றான். அவனுக்கு விளக்கவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஜெயித்தவன் மார்ச்சில் பெட்டி கட்டி வாஷிங்டன் போயாக வேண்டும். அந்தக் காலத்தில் மார்ச்சில்தான் பதவியேற்பு. என்னை எனக்குத் தெரியும். லவோனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் ரயில் ஏறிவிடுவேன், அவளும் "போயிட்டு வாங்க" என்பாள். நீ மறுபடியும் அவள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாய்.

அதனால் நான் தோற்கிறேன். தந்தி வரட்டும், படித்துவிட்டு மடித்து வைக்கிறேன். பாண்டு வாத்தியக்காரர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பட்டும். தோற்றவனைப் பார்க்க யாரும் ரயிலேறி வரமாட்டார்கள். வீட்டில் இருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. அதற்குப் பிறகு எனக்கு வசனம் எழுதாதே. லவோன் பேசட்டும், என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் பேசுவதை நீ பேசு. உன் குரல் அவள் குரல்தான்.

சனிக்கிழமை வா. நான் எங்கேயும் போகவில்லை.

அப்பா