பெண் வீடு, பையன் வீடு

4-6-89, ஞாயிறு

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது. காலையிலிருந்து வீடு துடைப்பு, திரைச்சீலை துவைப்பு. மாலை என்னைப் பெண் பார்க்கக் குரோம்பேட்டையிலிருந்து ஏழு பேர். அப்பாவே தாம்பரம் ஸ்டேஷன் போய் அழைத்து வந்தார். ஆபீசில் பியூனை நிற்க வைத்துத் திட்டுகிற மனிதர், வந்தவர்கள் கிளம்பும் வரை உட்காரவே இல்லை. பையனின் அம்மா என் பின்னலை இழுத்துப் பார்த்தாள். அப்பா சிரித்துக்கொண்டே, "சவுரி இல்லீங்க, சொந்த முடி." சீ.

8-6-89, வியாழன்

ரேஷன். மாவு மிஷின். ஜாக்கெட் இன்னும் தைத்தாகவில்லை. சாயங்காலம் தரகர். "இன்னா சார் பண்றது, பொண்ணு கலர் கம்மியா கீதுன்றாங்க." அப்பா சாப்பிடவில்லை. "மூக்குப் பிடிக்கத் தின்னுட்டுப் போய் இப்படிச் சொல்றானுங்களே, மனுஷங்களா இவங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. அப்பாவை ரொம்பப் பிடித்தது.

11-6-89, ஞாயிறு

அண்ணனுக்குப் பெண் பார்க்கச் செம்பாக்கம். வேண்டுமென்றே ஒரு மணி நேரம் லேட். "சொன்ன டைமுக்குப் போனா மதிப்பு இருக்காது" என்றார் அப்பா. அங்கே போனதும் கால் மேல் கால். கேசரியில் இனிப்பு ஜாஸ்தி, ஃபேனில் காற்று வரவில்லை, தெரு குறுகல். எல்லாம் அவர் வாயால்தான். பெண்ணின் அப்பா கை கட்டி நின்றார்.

அம்மா எனக்குக் கண் காட்டினாள், உள்ளே போய் முடியைப் பார் என்று. சமையற்கட்டில் அந்தப் பெண் கலா, தானே பின்னலை எடுத்து நீட்டினாள். "பாத்துக்கோங்கக்கா. எல்லாரும் பாக்கறாங்க." கை கூசியது. தொடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், அன்றைக்கு நீங்க அழுதீங்களேப்பா என்று. கோபமே இல்லை அவருக்கு. "அன்னிக்கு நாம பொண்ணு வீடு. இன்னிக்குப் பையன் வீடு. அதுக்கேத்த மாதிரிதானேம்மா இருக்கணும்?" அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

14-6-89, புதன்

கலாவின் அப்பா பழத்தட்டோடு வந்தார், எங்கள் முடிவைக் கேட்க. அப்பா பேப்பரை மடிக்கக்கூட இல்லை. நான்தான் "உக்காருங்க மாமா" என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார் என்னிடம்.

காப்பி போட உள்ளே போனேன். பேச்சு காதில் விழுந்தது. "என் பெரிய பையன் பேங்க்ல இருக்கான் சார். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கலாம்னு ஒரு ஆசை..."

பேப்பர் மடிகிற சத்தம். ஃபேன் வேகம் கூடியது. "அடடா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா!"

டம்ளரோடு வந்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். வந்தவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை கம்மி." அப்புறம் அப்பாவைப் பார்த்து, "பொண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க."

நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.