ஓடைப் பாலத்தடியில் என் மூட்டைகள்

அக். 9, சனி
காலையிலிருந்தே புழுக்கம். ஒன்பது மூட்டை கட்டியாயிற்று, எல்லாம் எங்கள் தெருவின் கேரி பேக்குகள். கழுவி, கொடியில் காயவைத்து, வெள்ளை தனி, கலர் தனி. கட்ட, நான் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் வீணாகும் சிவப்பு நாடா. எங்கள் தெருப் பை ஒன்றுகூடச் சாக்கடைக்குப் போவதில்லை என்று பேச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பழைய பிளாஸ்டிக் எடுக்கும் தங்கராசு டெம்போவோடு வந்தான். எங்கே போகிறது இதெல்லாம் என்று கேட்டேன்.

"உருக்கி மறுபடியும் பிளாஸ்டிக் குருணையாக்கறாங்கக்கா. நீங்க கவலைப்படாதீங்க."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

துவரம் பருப்பு, தைலம் வாங்க வேண்டும்.

அக். 10, ஞாயிறு
தங்கை செல்வி வீடு. ஓடையோரத்து லைன் வீடுகள், ஒரே வரிசையில் எட்டுக் குடும்பம். ஓடையில் தண்ணீர் அசையவே இல்லை. சாயப்பட்டறைக் கழிவு, இன்று ஊதா. மூக்கைப் பொத்திக்கொண்டே டீ.

"ஒரு மாசமா இப்படித்தானக்கா நிக்குது. பாலத்தடியில என்னமோ அடைச்சிருக்குது," என்றாள் செல்வி.

திரும்பும்போது பாலத்தில் நின்று குனிந்து பார்த்தேன். மூட்டைகள். ஓடைத் தண்ணீர் போகும் குழாயின் வாய் தெரியாத உயரத்துக்கு. சிவப்பு நாடா. நான் போட்ட முடிச்சு.

அக். 11, திங்கள்
தங்கராசுவை அவன் குடோனிலேயே பிடித்தேன்.

"வெள்ளைப் பைய மட்டுந்தானுங்க உருக்கறவங்க எடுக்கறாங்க. கலரு, மெல்லிசுப் பையெல்லாம் வேண்டாங்கறாங்க. நான் எங்கீங்க கொண்டுபோயிக் கொட்டறது?"

"என்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கலாமல்ல?"

"அத்தனை ஆசையாக் கழுவிக் கட்டி வெச்சிருந்தீங்க. சொல்ல மனசு வல்லீங்கக்கா."

நேராக நகராட்சி ஆபீஸ். "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, ஆளுக வருவாங்க." ஓடையில் அடைப்பு என்று மட்டும் எழுதினேன். யாருடைய பைகள் என்று எழுதவில்லை.

அக். 12, செவ்வாய்
ஆள் வரவில்லை. வேலைக்கு லீவு. என் வீட்டுக்காரர், தங்கராசு, நான். மூங்கிலில் கொக்கி கட்டிப் பதினொரு மூட்டை இழுத்தோம். மீதி உள்ளே இறுகிக் கிடக்கிறது. இழுத்தால் நாடா அறுந்து பை மட்டும் கையோடு வருகிறது. முழங்கை வரை அரிப்பு.

அவிநாசிப் பக்கம் வானம் கருத்திருந்தது. இங்கே ஒரு சொட்டுக்கூட இல்லை. அங்கே பெய்தால் தண்ணீர் இந்த ஓடைக்குத்தான் வரும்.

செல்வியையும் குழந்தைகளையும் எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். "எதுக்குக்கா?" "சும்மா நாலு நாளைக்கு வா." வந்துவிட்டாள். மற்ற ஏழு வீட்டுக் கதவையும் தாண்டித்தான் அவளைக் கூட்டிவந்தேன். ஒரு கதவையும் தட்டவில்லை. தட்டினால் காரணம் கேட்பார்கள்.

அக். 13, புதன்
விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. செக்கிங் டேபிளில் கை ஓடவில்லை. மதியம் செய்தி வந்தது: லைன் வீடுகளில் கழுத்தளவு தண்ணீர்.

ஓடினேன். பகல் நேரம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாண்டி தவிர. மதுரைப் பக்கத்துக்காரர், நைட் ஷிப்ட் டைலர். அவர் தூக்கம் கெடக்கூடாதென்று மனைவி வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கமாம். கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கித் தூக்கி வந்தார்கள். மூச்சு இருக்கிறது என்றார் ஒருவர். பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில்.

அக். 14, வியாழன்
மழை விட்டுவிட்டது. காலையில் பாண்டி போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி வருகிற ஒவ்வொருவரிடமும், "நாந்தேன் பூட்டுனேன். நாந்தேன்." கூட்டத்தில் சிலர் தலையாட்டுகிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள். "ஏனக்கா, செவ்வாக்கெழமையே எங்களை வரச்சொன்னியே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, நாடா, தட்டாத கதவுகள்.

அவள் எழுந்து குழந்தைகளின் துணிகளைப் பையில் திணித்தாள். "பாண்டியண்ணன் ஊட்டுக் கதவு என் கதவுக்கு அடுத்ததுதானக்கா."

குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், சேறு நிற்கும் அந்த வீட்டுக்கே. நான் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு உடலை எடுக்கிறார்களாம். இப்போது மணி ஒன்றரை. அதற்குள் பாண்டியின் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். தங்கராசு பெயரை இழுக்காமல். சேலை மாற்றியாயிற்று. கை இன்னும் அரிக்கிறது. இந்த நோட்டை மூடிவைத்துவிட்டுப் போகிறேன்.