ஈர்க்கால் அளந்த முழங்கால்

கனகராயன்குளம்,
5.9.1964

அன்பு மகள் கமலாசனிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் ஐயாவும் சுகமாக இருக்கிறோம், சிவலைப் பசு மட்டும் கன்று போட்ட பிறகு கொஞ்சம் இளைத்திருக்கிறது, தவிடு வைத்துத் தேற்றிக்கொண்டு வருகிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பக்கத்தில் சுகம் என்று எழுதியிருக்கிறாய், மூன்றாம் பக்கத்தைப் படித்தபோது அது உடம்பின் சுகம் மட்டும்தான் என்று தெரிந்தது. பெரியப்பா உன் விடுதி விலாசத்துக்கே நேராகக் கடிதம் போட்டிருக்கிறார் என்பதை நீ எழுதித்தான் நாங்கள் அறிந்தோம். பளையில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், பிசியோதெரபி உதவியாளர் படிப்பை நிறுத்திவிட்டு ஆவணி முடிவதற்குள் நீ வீட்டுக்கு வந்தால்தான் அவர்கள் பேச்சுக்கே வருவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். "நீங்கள் வரச்சொன்னால் வந்துவிடுகிறேன் அம்மா" என்று நீ முடித்திருக்கிறாய். அதற்குப் பதில் இதுதான்: வராதே. தை மாதம் சோதினை எழுதி முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வா. ஐயாவும் இதையே சொல்கிறார். நீ அவரைப் பயந்தவர் என்று நினைத்திருக்கலாம், நானும் போன கிழமை வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன் என்னைப்பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போன முதல் வருஷம் மாங்குளம் சந்தையில் ஆராவது மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் நர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். ஆம்பிளை பொம்பிளை பார்க்காமல் கையைக் காலைப் பிடித்து ஆட்டிவிடுகிற படிப்பு என்று சொல்ல நா எழவில்லை. பிறகு உன் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு விளங்கியது. முதல் மாதம் முழுக்கக் கட்டில் விரிக்கவும், ஒரு ஆளை உன் முதுகு நோகாமலும் அவர் உடம்பு நோகாமலும் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றவும் மட்டும்தான் பழக்கினார்கள் என்று எழுதியிருந்தாய். வகுப்பறை மூலையில் தொங்குகிற எலும்புக்கூட்டில் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பேர் சொல்ல வேண்டும், பிறகு அதே எலும்பைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் தோலுக்கு மேலாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நோயாளியைத் தொட முதல் கேட்க வேண்டும், பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துணியால் மூட வேண்டும், நோகுதோ என்று வாயால் கேட்டாலும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நீ சிங்களத்தில் முதல் பழகிய சொல்லே ரிதெனவாத, நோகுதோ என்பதுதானே. உங்களுக்குப் படிப்பிக்கிற பெரிய மிஸ் எழுதிக் கொடுத்ததற்கு மேலாக ஒரு அசைவுகூட உன் எண்ணத்துக்குச் செய்விக்கக் கூடாது, செய்வித்ததை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடும் மரியாதையும் உள்ள வேலையை நான் வேறு பேர் சொல்லி மறைத்தேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. போன மாதம் அதே சந்தையில் மரக்கறி விற்கிற பத்மாசனி, மகள் நர்ஸ் படித்து முடித்துவிட்டாளோ என்று கேட்டாள். இல்லை, விழுந்த ஆக்களை நடக்கப்பண்ணுகிற படிப்பு என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கத்தான் சொன்னேன். அவள் தன் தோள்மூட்டுப் பிடித்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கிவிட்டாள்.

இனிப் பெரியப்பாவின் கால் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சித்திரையில் நீ ஆறு நாள் லீவில் நின்றுவிட்டுப் போன பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் எழுதினேன், ஒழுங்காகச் சொல்லவில்லை. வாய்க்கால் கட்டில் வண்டில் சரிந்து தொடை முறிந்து, ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்துவிட்டுத் தை மாதக் கடைசியில்தான் வந்தார். வந்த நாள் தொட்டு இலட்சுமிப் பெரியம்மாவும் மகன் தவராசாவும் அவரை நிலத்தில் கால்படவிடவில்லை. குடும்பத்துக்கு மூத்தவர், விவசாயக் குழுவுக்குத் தலைவர், அவர் தத்தித் தத்தி நடந்து நாலுபேர் பார்க்கிறதோ என்று கதிரையோடு தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள், கதிரையோடு தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாட்டுக் கோப்பையைக்கூட அவர் எட்டி எடுக்க விடவில்லை. அவர் கால் பொருந்தி நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் எல்லாரும் காட்டிய மரியாதையில் முழங்கால்தான் உலக்கைபோல விறைத்துவிட்டது. நானும் அந்தக் கதிரையில் ஒருநாள் கை கொடுத்தவள்தான்.

நீ வந்து பார்த்தாய். தொட்டுப் பார்க்கலாமோ பெரியப்பா என்று கேட்டாய். குமர்ப்பிள்ளை என் காலைப் பிடிக்கிறதோ என்று சத்தம் போட்டார். நீ இரண்டடி பின்னாலே நகர்ந்து நின்றுகொண்டு, ஆஸ்பத்திரியில் எழுதின துண்டு ஒன்றும் தரவில்லையோ என்று பெரியம்மாவிடம் கேட்டாய். அந்தத் துண்டை அவா காணிப் பெர்மிட்டோடும் குறிப்போலைகளோடும் சேர்த்துத் தகரப் பெட்டிக்குள்ளே பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தா. இங்கிலீசில் எழுதிக் கையெழுத்து வைத்த கடுதாசி, பிறகொரு நாளைக்கு ஆராவது கேட்டால் காட்டத்தான் தந்திருக்கிறார்கள் என்று நினைத்தாவாம். நீ வாசித்துச் சொன்னாய். ஒருநாளைக்கு மூன்று தரம் முழங்காலை மடித்து நீட்ட வேண்டும், பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், ஒரு மாதத்தில் திரும்ப வந்து காட்ட வேண்டும். காட்ட வேண்டிய நாள் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. முதல் கொண்டுபோய்க் காட்டுங்கோ, அவர்கள் சொன்னால் பிறகு செய்யலாம், நானாக ஒன்றும் சொல்ல முடியாது என்று நீ சொன்னது எனக்கு அப்போது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது, இவ்வளவு படித்தும் சொல்ல முடியாதோ என்று. இப்போது கோபம் இல்லை. தவராசா கொண்டுபோய்க் காட்டினான், அதையே செய்யுங்கோ என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு உன் கடிதமும் என் கண்ணும் தவராசாவின் கையுமாகத்தான் வேலை நடந்தது. முற்றத்தில் இரண்டு பக்கமும் முதிரைத்தடி நட்டுக் கைபிடி கட்டினோம். ஐயா தன் இடுப்பை அளந்து கட்டிவிட்டார், அவர் உயரம் பெரியப்பாவுக்கு ஏது, மனுஷன் தோள் காதில் முட்ட நடுவில் தொங்கிக்கொண்டு நின்றார். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கிற உயரம் என்று நீ எழுதிய பிறகு தடியைத் தறித்து இறக்கினோம். முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று அளக்க உங்களிடம் இருக்கிற பிணைச்சல் வைத்த அளவுகோல் இங்கே இல்லை. தொடையோடு ஒரு ஈர்க்கும் கணைக்காலோடு ஒரு ஈர்க்கும் வைத்து, சந்தியில் நூலால் கட்டி, அப்படியே எடுத்துக் கடுதாசியில் வைத்துக் கோடு கீறி உனக்கு அனுப்பினேனே, அந்தக் கோடுகளைப் பெரிய மிஸ்ஸிடம் காட்டினாய் என்றும் அவா சிரிக்காமல் பாகை போட்டுத் தந்தா என்றும் எழுதியிருந்தாய். சித்திரைக் கடைசியில் கீறிய கோடு கொஞ்சம் வளைந்த வேலித்தடி மாதிரி இருந்தது. ஆடிப் பிறப்பன்று கீறியது முக்கால்வாசி மடிந்துவிட்டது. பெரியப்பா இவ்வளவையும் ஆஸ்பத்திரிக் கட்டளை என்றுதான் செய்தார், உன் பேரை ஆரும் அவருக்கு முன்னால் எடுக்கவில்லை.

போன கிழமை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல நான் குசினியில் நெல் அவித்துக்கொண்டு நிற்கிறேன், படலை திறக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் பெரியப்பா. தனியாக, பொல்லை ஊன்றிக்கொண்டு. முறிந்த பிறகு தன் வளவைத் தாண்டி அவர் நடந்து வந்த முதல் நடை அது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, ஐயாவும் ஓடிவந்து விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டார். பொல்லைக் கதவு நிலையில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். இருந்ததும் தேத்தண்ணிகூட வேண்டாம் என்றுவிட்டு வந்த விஷயத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளை பகுதி அவசரப்படுகிறது, பிள்ளையைக் கூப்பிடுகிறீர்களோ இல்லையோ என்று கேட்டார். ஐயா மெதுவாக, படிப்பு முடிய இன்னும் நாலு மாதம்தானே அண்ணை என்றார். அதற்கு அவர் சொன்னதை உனக்கு மறைக்க மாட்டேன், நாளைக்கு வேறு வாய்களிலும் நீ கேட்கப்போகிறாய். "ஆர் எவரெண்டு தெரியாத ஆக்களின்ரை காலைத் தடவுறதும் ஒரு படிப்போ? எங்கட பகுதியிலை இப்பிடி ஒரு வேலை ஆரும் செய்ததில்லை. அவளை ஆர் கலியாணம் முடிப்பான்?"

ஐயா நிலத்தைப் பார்த்தார். நான் குசினி வாசலில் நின்றபடி சொன்னேன், "அத்தான், கோவிக்காமல் ஒருக்கால் குனிஞ்சு உங்கட காலைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். ஆறேழு மாதமாக இருக்கிற நேரமெல்லாம் கதிரைக்கு முன்னால் முக்காலி போட்டு நீட்டி வைத்திருந்த கால், நிலத்தில் பாதம் பட, மற்றக் காலுக்குச் சரியாக மடிந்திருந்தது. கதிரையில் வந்து இருந்தபோது அவர் அதைக் கவனிக்கவில்லை. "இது வற்றாப்பளை அம்மாளுக்கு வைச்ச நேர்த்தி" என்றார். நானும் மறுக்கவில்லை. "ஓம் அத்தான், அம்மாள் தந்ததுதான். பெட்டிக்குள்ளை கிடந்த துண்டை வாசிச்சது என்ரை பிள்ளை. அவள் படிச்சு முடிச்சிட்டுத்தான் வருவாள்" என்றேன். அப்போதுதான் ஐயா தலையை நிமிர்த்தி, "முடிச்சிட்டு வரட்டும் அண்ணை. பளைக்கு அப்பிடியே சொல்லிவிடுங்கோ" என்றார். நான் அவரை முடித்த இந்த இருபத்துநாலு வருஷத்தில் தமையனுக்கு முன்னால் அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை.

பெரியப்பாவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன், கலியாணம் காட்சிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு கதிரையின் கையைக்கூடப் பிடிக்காமல் எழுந்து விறுவிறென்று நடந்துவிட்டார். படலையைத் தாண்டிய பிறகுதான் கண்டேன், பொல்லு நிலையில் சாத்தியபடியே நிற்கிறது. கூப்பிட வாயெடுத்தேன், ஐயா வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆனால் விட்டுவிடவும் பயம். நீ எழுதியிருந்தாயே, படிப்பில் எல்லாவற்றிலும் கஷ்டமானது கையை எடுப்பதுதான், ஏலாத பக்கத்தில் ஒரு முழம் பின்னாலே நிற்க வேண்டும், தொடக் கூடாது, ஆனால் விழுந்தால் பிடிக்கிற அளவுக்குக் கிட்ட நிற்க வேண்டும் என்று. நான் அப்படியே இடது பக்கமாக அவருக்குப் பின்னால் வாய்க்கால் கட்டு நெடுக நடந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப்பற்றியும் உன்னைப்பற்றியும் ஏசிக்கொண்டே போனார், கால் ஒழுங்காக மடிந்து ஒழுங்காக நீண்டது. மதகடியில் கல்லில் ஒருதரம் தடக்கினார், என் கை முன்னுக்குப் போய்விட்டது, ஆனால் அவராகவே நிமிர்ந்துகொண்டார். அவர் படலையைத் திறந்து உள்ளே போகிறவரை நின்றுவிட்டுத் திரும்பினேன். எங்கள் படலையில் இருந்து அவர் படலைக்கு இருநூற்றுப் பதினெட்டு அடி, நான் எண்ணினேன், நீ உன் பெரிய மிஸ்ஸிடம் சொல்லலாம்.

இதனால் எங்களுக்குக் கொஞ்சம் இடைஞ்சல் வரத்தான் போகிறது, அதை நீ தெரிந்திருக்க வேண்டும். மாரியில் விதைக்கிற காலபோக நெல்லுக்குத் தண்ணீர் முறை வைப்பவர் அவர்தான், எங்கள் வயலைக் கடைசியில் தள்ளினாலும் தள்ளுவார். தள்ளட்டும், ஐயா மழையை நம்பி முந்தியே புழுதி விதைப்பு விதைக்கப்போகிறார். பளை மாப்பிள்ளையும் போகட்டும். உன் வேலையைப் பார்த்துக் கூசாத ஒருவன் வந்தால் பேசலாம், வராவிட்டால் உன் சம்பளத்தில் நீ இருக்கலாம், அதற்காக நானோ ஐயாவோ தலைகுனிய மாட்டோம். எங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு மட்டும் நீ திரும்பி வராதே.

துறைமுகத்தில் வேலை செய்த அந்த மனுஷன் கால் எடுத்த பிறகு உன்னை ஏசினதாகவும் நீ மறைவில் போய் அழுததாகவும் எழுதியிருந்தாய். அழுததில் பிழையில்லை. மறுநாள் திரும்ப அவரிடம்தான் போனாய் என்று அடுத்த வரியில் இருந்தது, அந்த வரியை ஐயா இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு. தூக்குகிற வேலையில் இடுப்பைக் கவனி, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நீயும் முழங்காலை மடித்துத் தூக்கு. நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் மாங்குளத்தில் மெயில் ரயிலில் ஏறி அங்கே வருகிற ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், போத்தலைத் திருப்பி அனுப்பு. பெரியப்பாவுக்கு ஒரு கடிதம் மரியாதையாகவே எழுது, வரவில்லை என்பதைத் தெளிவாகவும் எழுது, கடைசியில் காலைப்பற்றி விசாரிக்க மறக்காதே.

பிள்ளையாரும் வற்றாப்பளை அம்மாளும் உன் கைகளுக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
வீ. அன்னபாக்கியம்

இன்றைக்கு எட்டாம் நாள், பொல்லு இன்னும் எங்கள் கதவு நிலையில்தான் நிற்கிறது. எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. நேற்றுக் காலை அவர் வெறுங்கையோடு கோயிலுக்கு நடந்து போனதை வேலிக்குள்ளால் பார்த்தேன்.