அம்மாவிடம் மிஞ்சிய ஹலோ

அன்புள்ள வாலுக்கு,

நீ, மாப்பிள்ளை, நாற்பது நாள் பேத்தி மூவரும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் முதல் தாளில் எழுதினேன், கிழித்துவிட்டேன். போனில் மூன்று மாதமாகச் சொன்ன பொய்க்குத் தபால்தலை வேறு ஒட்ட வேண்டுமா.

உட்கார்ந்துகொண்டு படி. மூன்று மாதத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இடது கையால் சாப்பிடுகிறாள், பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரை நடக்கிறாள். பேச்சுதான் போய்விட்டது, ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது, ஹலோ. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை சொன்ன சொல் அல்லவா, நாக்கிலேயே தங்கிவிட்டது என்கிறார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹலோ, வலித்தாலும் ஹலோ. எதிர்வீட்டு டெய்லர் மனைவி வந்து, இப்படி ஆயிடுச்சேக்கா என்று ஒன்றரை மணி நேரம் அழுது இரண்டு டீயும் குடித்துவிட்டுக் கிளம்பியபோது இவள் ஒரு ஹலோ சொன்னாள், அதற்கு ஒழிந்தாயா என்று அர்த்தம், அது அந்தம்மாளுக்கும் புரிந்துவிட்டது. என் சமையலை வாயில் வைத்ததும் வருகிற ஹலோவின் அர்த்தத்தைப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு எழுதக்கூடாது.

உன் பிரசவம் முடிந்து உடம்பு தேறுகிற வரை சொல்ல வேண்டாம் என்பது இந்த மேதாவியின் திட்டம். நீ கூப்பிட்டால் போனை அவள் காதில் வைப்பேன், அவள் ஹலோ என்பாள், உடனே பிடுங்கிக்கொண்டு அம்மா குளிக்கப் போகிறாள், பால் பொங்குகிறது, தொண்டை கட்டியிருக்கிறது, விசா கிடைக்கவில்லை என்று அளப்பேன். அச்சகத்தில் அடுத்தவன் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் பிழை தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ, பிரசவத்துக்கு வரலைன்னாகூடப் பரவாயில்லப்பா, குழந்தை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலியே, அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு என் போனை எடுக்கவுமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்டது ஸ்பீக்கரில் அவள் காதிலும் விழுந்தது. அவளுக்கு எல்லாம் புரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

நேற்று வேலை ஓடாமல், அச்சகத்தில் தலையணை பருமனுக்கு ஒரு ஆங்கில அகராதி கிடக்கிறதே, அதில் அந்தச் சொல்லைத் தேடினேன். போன் வந்தபிறகுதான் அதற்கு இவ்வளவு மரியாதையாம், அதற்குமுன் தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுகிற வெறும் கூச்சல்தான். இன்னும் பின்னால் போனால், ஆற்றங்கரையில் நின்று அக்கரைப் படகுக்காரனை, வந்து கூட்டிப்போ என்று அழைத்த குரலிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறது. அதற்குமேல் படிக்க முடியவில்லை. மூன்று மாதமாக அவள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நான் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, பாக்கி வைக்காதே. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டாம், அங்கே டாக்டர் சரி என்றபிறகு வா. ஆனால் இது கிடைத்த அன்றே அம்மாவைக் கூப்பிடு. கேள்வி கேட்காதே, பதில் வராமல் தவிப்பாள். குழந்தை சிணுங்கினாலும் அழுதாலும் போனை அதன் வாய்ப்பக்கம் வை, போதும். நான் போனை அவள் மடியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன், சத்தியம்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எதிர்முனையில் இருப்பவர் வைக்காமல் ஆபரேட்டர் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வேலையின் சட்டம், அம்மா அதை ஒரு நாளும் மீறியதில்லை. அவள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் லைனில்தான் இருப்பாள். நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பொய்க்கார அப்பா