பாட்டில் வந்த படிக்கட்டு

பிப்ரவரி 12, 2003, புதன்

காலையில் மூடுபனி. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. டெல்லி கிட்வாய் நகருக்கு வந்து இரண்டு நாள் ஆயிற்று. அண்ணன் குவார்ட்டர்ஸைத் தாண்டிப் பார்த்தது பால் பூத் மட்டும். ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குத்தான் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தது. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பள லீவு.

நானும் சும்மா வரவில்லை. எனக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டு; அது வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஷாட்டும் மனப்பாடம். கதாநாயகி கல் வளைவுக்குள் ஓடுவாள், அடுத்த நொடி பெரிய படிக்கட்டில் இறங்குவாள். டெல்லியில் எடுத்தது. பார்க்காமல் ரயில் ஏறமாட்டேன்.

மதினியிடம் சொன்னேன். "அதெல்லாம் பொறவு பாக்கலாம். வெயில்ல அலஞ்சு கருத்துட்டு நிக்காத. மாப்ள வீட்டுக்காரவிய கேட்டா கோயிலுக்குப் போனேன்னு சொல்லு. சினிமான்னு வாயத் தொறந்துராத, அச்சா?"

போன வரன் அதில்தான் தட்டிப்போனது. முதல் நாள் முதல் காட்சி பார்ப்பேன் என்று உளறிவிட்டேனாம். உளறலா அது?

வாங்க: வாஸ்லின், கம்பளி சாக்ஸ், ஹேர்பின்.

பிப்ரவரி 13, வியாழன்

நல்ல வெயில். அண்ணன் ஆபீஸ், மதினி பேங்க். பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நடந்தேன். லோதி தோட்டம், பாட்டு எடுத்த இடம் என்று பத்திரிகையில் படித்தது. வளைவு அதேதான்! ஓடினேன், உண்மையாகவே ஓடினேன், செருப்பு சடசடக்க. அந்தப் பக்கம் படிக்கட்டு இல்லை. புல்தரை. ஒரு குடும்பம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.

சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கடைசியில் காவல்காரரிடம், சினிமாவில் கற்ற ஹிந்தியில் கேட்டேன். படி இறங்குவதுபோல் நடந்தும் காட்டினேன். சிரித்துவிட்டார். "பாவ்லியா? வோ தோ கனாட் பிளேஸ் கே பாஸ் ஹை!" பாவ்லி என்றால் பழைய படிக்கிணறாம். அது கனாட் பிளேஸ் பக்கமாம், பஸ் ஏறிப் போகிற தூரம். இரண்டையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், படுபாவிகள். இத்தனை படம் பார்த்தவளுக்கு இது உறைக்கவில்லையே.

திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம். பிறகு கோபம் வந்தது. அவள் ஒரே எட்டில் போனாள், நான் பஸ்ஸில் போகிறேன், அவ்வளவுதானே.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் முதுகுக்குப் பின்னால் கண்டக்டரின் "ஜல்தி, ஜல்தி". தப்பான நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து, ஒரு சந்துக்குள்.

இருக்கிறது. கீழே, கீழே, இன்னும் கீழே படிகள். புறாக்கள். கல்லூரிப் பெண்கள் இருவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் இறங்கிய மாதிரியே இறங்கினேன், அவள் திரும்பும் இடத்தில் திரும்பினேன், முழுப் பாட்டும் வாய்விட்டுப் பாடினேன். அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். வெட்கமே வரவில்லை. இப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

வீட்டில் மதினி வாசலிலேயே. "மூஞ்சியப் பாரு, கருவாடு கணக்கா."

அண்ணன்: "ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? பாஷ தெரியாத ஊர்ல ஒத்தையில போயிருக்க?"

"வந்துட்டேம்லா," என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேகமூட்டம். கேசரி, பஜ்ஜி. மதினியின் பச்சைப் பட்டு எனக்கு. மா.வீ. (மாப்பிள்ளை வீட்டார்) இங்கேயே ஆர்.கே. புரத்திலிருந்து. அம்மாவும் பிள்ளையும் மட்டும். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். பிள்ளைக்கு மத்திய சர்க்கார் வேலை, நிறையக் கூச்சம்.

அந்த அம்மா: "டெல்லியில என்னெல்லாம் பாத்தே?"

மதினி முந்திக்கொண்டாள். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்."

"இல்லம்மா, கோயிலுக்கு இன்னும் போகல," என்றேன். "ஒரு பாட்டு எடுத்த எடத்தப் பாக்கப் போனேன். பஸ்ல, தனியா." வளைவுக்குள் ஓடி ஏமாந்ததையும், பாவ்லியைத் தேடிப் போனதையும் சொன்னேன்.

பிள்ளை சிரித்துவிட்டார். "இத்தன வருஷமா இங்க இருக்கேன், அந்த பாவ்லிய நான் பாத்ததே இல்லீங்க." நல்ல சிரிப்பு. அவர் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

குளிர் குறைவு. இரவுச் சாப்பாட்டின் நடுவில் போன். அந்த அம்மாதான். அண்ணன் முகத்தில் சிரிப்பு. பிடித்திருக்கிறதாம், பிள்ளைக்கு ரொம்பவே. அப்புறம் அண்ணன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சினிமா, ஒத்தையில சுத்துறது, இதெல்லாம் இனிமே கெடையாதுன்னு நீ ஒன் வாயால சொல்லணுமாம். சொல்லிரு. பொறவு எவன் வந்து பாக்கப் போறான்?"

மதினி கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. எனக்கு வயது முப்பத்திரண்டு. ரிசீவரை வாங்கினேன்.

"அதச் சொல்ல மாட்டேம்மா. நாளைக்குச் சாயங்காலம் மறுபடியும் அந்த பாவ்லிக்குப் போறேன். ஒங்க மகனுக்குப் பாக்கணும்னா வரச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான். நான் உட்கார்ந்து இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.