முழங்கால்வரை தொங்கிய பனியன்

திருப்பூர்
14.9.2007

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். நான் நல்ல சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா?

பனியன் கம்பெனி செக்கிங்கிலிருந்து கம்ப்யூட்டர் ரூமுக்கு மாறினேன் அல்லவா, அங்கே கண்காட்சிக்காகக் காற்றில் ஆடும் பனியனைப் படமாகச் செய்கிறேன். கம்ப்யூட்டரில் துணி என்பது வெறும் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளியோடு ஸ்பிரிங்கால் இணைக்க வேண்டும். திங்கட்கிழமை ஓட்டிக் காட்டினேன். பனியன் முழங்கால்வரை இழுபட்டுத் தொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"எல்லா ஸ்பிரிங்கையும் டைட் பண்ணுங்க" என்றார் முதலாளி முகிலன். செய்தேன். தகரம்போல விறைத்து நின்றது. "உங்களால ஆகலைன்னா செக்கிங்குக்கே போயிருங்க அம்மிணி" என்றார்.

செக்கிங் டேபிளுக்குத்தான் போனேன், துணியை இழுத்துப் பார்க்க. அகலவாட்டில் தாராளமாக இழுபட்டது, நீளவாட்டில் கொஞ்சம்தான். நான்கு வருடம் கையில் பிடித்த துணி எனக்குத் தெரியாதா? குறுக்கு ஸ்பிரிங்கைத் தளர்த்தி, நெடுக்கு ஸ்பிரிங்கை இறுக்கினேன். இன்று படத்தைப் பார்த்த முதலாளி, தான் போட்டிருந்த பனியனை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, "நம்ம துணியேதானுங்க" என்றார்.

ஆகவே தீபாவளியோடு ஊருக்கு வந்துவிடு என்று இனி எழுதாதீர்கள். இந்த வேலையை விடமாட்டேன்.

அடுத்து, போட்டுப் பழசான பனியன் எப்படித் தொய்யும் என்று செய்ய வேண்டும். உங்களுடையது ஒன்றைப் பார்சலில் அனுப்புங்கள். வேலைக்காகத்தான் கேட்கிறேன்.

வேன் வந்துவிட்டது. துவைக்காமல் அனுப்புங்கள்.

அனுசுயா